எதிர்த்துப் பேசும் பாடம்

பக்கத்து வீட்டு விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். இரண்டு வீட்டுச் சமையலறைக்கும் நடுவே ஒரே சுவர். அதுவும் கட்டியவர் சிமெண்டில் கை வைத்த சுவர். காதைப் பொத்திக்கொள்ளலாம்தான், எனக்கு இரண்டு கையிலும் வேலை இருக்குமே!

அந்த வீட்டு அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்ந்தது, தொண்டை ஓயவில்லை. மகன் பல்செட் செய்கிறவன். பால்கனியில் யார் யாருடைய ஈறு அச்சோ வெயிலில் காயும். வாய்களை வைத்துப் பிழைத்தாலும் தன் வாயைத் திறக்காத பிள்ளை. மருமகள்தான் அணுமின் நிலையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தவள். கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து உலையை ஓட்டும் லைசென்சுக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றரை வருஷப் படிப்பு. யுரேனியம் உள்ளே போவதில் தொடங்கி, கழிவைக் கடைசியில் எங்கே புதைப்பது என்பது வரைக்கும். எரிந்து முடிந்த எரிபொருளை உடனே தூக்கிப் போட முடியாதாம். சூடு அடங்க வருஷக்கணக்கில் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடக்க வேண்டுமாம். அவள் இதைச் சொன்னபோது எனக்கு மூன்றாம் மாடி ஓர்ப்படிகள் நினைவுக்கு வந்தார்கள். ஒருத்திக்கு ஒருத்தி ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவர்களுக்கு எவ்வளவு பெரிய தொட்டி கட்டுவது?

பாடமெல்லாம் இவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கடைசிப் பரீட்சையில் விழுந்துவிட்டாள். அது காகிதப் பரீட்சை இல்லை. அசல் கன்ட்ரோல் ரூம் மாதிரியே ஓர் அறை. பின்னால் உலை மட்டும் கிடையாது. ஷிப்ட் அதிகாரி வேஷத்தில் தேர்வாளர் கட்டளை போடுவார். இவள் அதை வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்லி, அவர் "சரி" என்ற பிறகே சுவிட்சில் கை வைக்க வேண்டும். அழகாகச் செய்தாள். நடுவில் அவர் வேண்டுமென்றே ஒரு தப்பான கட்டளை கொடுத்தார். அதையும் அழகாகத் திருப்பிச் சொல்லி, அழகாகச் செய்து முடித்தாள். இல்லாத உலை அழகாக உருகியது.

இன்னும் ஒரே வாய்ப்பு. அதிலும் விழுந்தால் கழிவுக் கிடங்கில் டிரம்களுக்கு நம்பர் ஒட்டும் வேலைதான்.

"தப்புன்னு தெரிஞ்சுதா இல்லையா?" மேட்ரனின் உறுமல் சுவர் வழியே வந்தது.

"தெரிஞ்சுது அத்தை."

"அப்புறம் ஏன்டி செஞ்ச?"

"பெரியவர் சொல்றாரேன்னு..."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷமாக "என் மருமக ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டா" என்று மாடி மாடியாக ஏறித் தம்பட்டம் அடித்தது யார்? அந்தத் தங்கமான குணம்தான் இப்போது உலையைக் கவிழ்த்திருக்கிறது.

ஆனால் மேட்ரனுக்கு லைசென்ஸ் வேண்டும். டிரம்முக்கு நம்பர் ஒட்டும் மருமகளை வைத்துக்கொண்டு எந்த மாடிக்குப் போய்ப் பீற்றிக்கொள்வது? மறுநாள் காலையே சமையலறையில் பயிற்சி ஆரம்பம்.

"நான் சொல்றதுல தப்பிருந்தா செய்யக் கூடாது. முடியாதுன்னு சொல்லணும். புரியுதா?"

"தப்பிருந்தா முடியாதுன்னு சொல்லணும். சரிங்களா அத்தை?"

"சரி. இப்ப குக்கர் மூடியத் திற."

"குக்கர் மூடியத் திறக்கணும்."

"சரி."

குக்கர் அப்போதுதான் நாலாவது விசில் அடித்திருந்தது. "ஐயோ, கை வைக்காதடி! மூஞ்சி வெந்துடும்!" என்ற அலறலில் என் வீட்டுக் கரண்டி கீழே விழுந்தது.

பத்து நாள் இதே கதை. வெள்ளைச் சட்டைகளைச் சாயம் போகிற துணியோடு ஊறப் போடச் சொன்னார், போட்டாள். பல்செட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போடச் சொன்னார், அதையும் போட்டாள். யாரோ ஒருவருடைய புன்னகை கோணிப்போனது. மகன் நீலச் சட்டையோடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினோராம் நாள் மறுபடியும் குக்கர்.

"இல்ல அத்தை. அழுத்தம் இன்னும் இறங்கல. திறக்க முடியாது."

கொசு முனகல்தான். ஆனாலும் சொல்லிவிட்டாள். மேட்ரனின் முகம் எப்படிப் போயிற்று என்று பார்க்கச் சுவரில் ஓட்டை இல்லையே என்று தவித்துப்போனேன்.

"என்ன சொன்ன?"

"மன்னிச்சுடுங்க அத்..."

"மன்னிப்புக் கேக்காத! இன்னொரு தடவ சொல்லு. சத்தமா. என் மூஞ்சியப் பாத்து."

அடுத்த வாரம் பரீட்சை. அவள் சொன்னதையும் மாமியார் சொன்னதையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நடந்தது இதுதான். அலாரமெல்லாம் ஒன்றாகக் கத்துகிறது. ஒரு மீட்டரின் முள், தண்ணீர் நிரம்பி வழிகிறது என்கிறது, இன்னொன்று அழுத்தம் விழுகிறது என்கிறது. "குளிர்நீர் பம்ப நிறுத்து" என்கிறார் தேர்வாளர். இவள் பழக்க தோஷத்தில் திருப்பிச் சொல்ல வாயெடுத்து, பாதியில் விழுங்கினாள்.

"முடியாது சார். அழுத்தம் இறங்குது. எங்கயோ ஒழுகுது. பம்ப் ஓடியே ஆகணும்."

"அதிகாரி நானா நீயா?"

"நீங்கதான் சார். ஆனா எழுதிக் குடுத்தாலும் நிறுத்த மாட்டேன்."

பாஸ்! மேட்ரன் எல்லா மாடியும் ஏறி இறங்கினார். ஓர்ப்படிகள் இருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்ததில் மூட்டு வலி வேறு.

வலி தீருமுன்பே ஷிப்ட் அட்டவணை வந்துவிட்டது. மருமகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. அதே ஞாயிற்றுக்கிழமைதான் மேட்ரனின் மகள், தன் புகுந்த வீட்டார் ஏழு பேரோடு சாப்பிட வருவதாக ஏற்பாடு.

"ஞாயித்துக்கிழமை வரலன்னு ஆபீசுக்குச் சொல்லிடு" என்றார் மேட்ரன்.

"முடியாது அத்தை. எனக்கு முதல் ஷிப்ட். உங்க புள்ள சமைக்கட்டும்."

"நானா?" என்று ஓர் ஆண் குரல். இந்த வீட்டில் இவனும் இருக்கிறான் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த நிமிஷம் மேட்ரன் என் வாசலில்.

"அவ பேச்சக் கேட்டியாம்மா?"

"இல்லையே, எந்தப் பேச்சு?"

"சும்மா நடிக்காத. நீ கேக்காம யாரு கேப்பா? ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு வந்துடு. பத்துப் பேருக்கு வெங்காயம் உரிக்கணும். அவன நம்பினா சாயங்காலம் ஆயிடும்."

எனக்கு அன்றைக்குத் தங்கை வீட்டில் விசேஷம். ஒரு மாசமாகச் சொல்லி வைத்திருந்தாள். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஏழு போதுமாம்மா, இல்ல ஆறரைக்கே வந்துடவா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.