ஊதாப் பை

என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு இதைப் படிக்க ஆரம்பிக்க வேண்டாம். பாதியில் ஏமாந்துபோவீர்கள்.

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு ஏசி மளிகைக் கடை இருக்கிறது. அங்கே பருப்பைக்கூடக் கண்ணாடி ஜாடியில்தான் வைத்திருப்பார்கள். அரிசிக்குப் பக்கத்தில், அதை விளைவித்தவர் வயலில் நின்று சிரிக்கும் போட்டோ மாட்டியிருக்கும். வாங்கும் சாமானைப் பச்சை இலை அச்சிட்ட சணல் பையில் போட்டுக் கொடுப்பார்கள். எங்கள் அடுக்குமாடியில் பன்னிரண்டு வீடுகள். யார் வீட்டில் என்ன சமையல் என்பதைவிட, யார் எந்தப் பையோடு மாடி ஏறுகிறார்கள் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். அதில் தீர்ப்புச் சொல்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் வாஞ்சிநாதனின் குடும்பத்துக்குத் திருப்பனந்தாள் பக்கம் ஒரு காலத்தில் நிலம் இருந்தது. இப்போது பட்டாவில் வேறு யார் யாரோ இருக்கிறார்கள். நிலம் போனாலும் அவருக்கு நாக்கு போகவில்லை. ஒரு வாய் சாதம் உள்ளே போனதும் கண்ணை மூடிக்கொண்டு இது இன்ன அரிசி, இன்ன ஊர் மண் என்பார். பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். நான் தலையாட்டிவிடுவேன்.

எதிர் வீட்டுக்கு வானதி டீச்சர் குடிவந்த புதிதில், கையில் ஒரு ஊதா நிற பிளாஸ்டிக் பையோடு மாடி ஏறி வந்தாள். பைபாஸ் ஓரத்தில் இருக்கிற மலிவு விலை சூப்பர் மார்க்கெட்டின் பை அது. ஒரத்தநாட்டுக்காரி. தனியார் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவள். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் என் வாய் சும்மா இருந்திருக்காது.

"என்ன டீச்சர், கோழி வளர்க்கறேளா? தீவனம் வாங்கிண்டு வரேளே" என்றேன்.

படிக்கட்டில் நின்ற நாலு பெண்களும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தாள். அடுத்த மாதத்திலிருந்து அவள் கையில் சணல் பைதான் இருந்தது. நான் அவளைத் திருத்திவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அதன்பிறகு நாங்கள் ரொம்ப நெருக்கமாகிவிட்டோம். விடிந்ததும் இரண்டு பேரும் நடக்கப் போவோம். எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது, தினம் நாலு வேளை வந்து இமையைப் பிரித்துச் சொட்டு மருந்து விட்டது அவள்தான். என் கணவருக்குக் கை நடுங்கும். பதினைந்து நாள் ஒரு வேளைகூட அவள் தவறவில்லை. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், போனில் விசாரித்ததோடு சரி.

போன வருஷம் பெங்களூரில் என் பிள்ளை ஹரிசங்கருக்கு வேலை போயிற்று. "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்மா, தாங்க மாட்டார்" என்று அழுதான். அவன் அனுப்புகிற பணத்தில்தான் எங்கள் வீடு ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பாயிற்று. ஏசி கடைக்குப் போக முடியாது. பைபாஸ் கடைக்குப் போனால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். அதே கடைக்குப் பாபநாசத்தில் ஒரு கிளை இருந்தது. மாதம் ஒருதரம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். வாங்கியதும் கடைக்குப் பின்னால் ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில் நின்று, பொட்டலங்களில் இருக்கும் கடைப் பெயர் போட்ட ஸ்டிக்கரையெல்லாம் நகத்தால் உரிப்பேன். கைப்பையில் மடித்து வைத்திருக்கும் பழைய சணல் பையில் எல்லாவற்றையும் மாற்றுவேன். பில்லைக் கிழித்துப் போட்டுவிடுவேன். வீட்டில் அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஏசி கடை அரிசின்னா தனிதான்" என்பார்.

ஐப்பசியில் ஒருநாள் அப்படிப் போனேன். வழியெல்லாம் குறுவை நெல்லை ரோட்டில் காயப்போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடையில் பில் போட்டு முடித்து, ஊதாப் பையை மேடையிலிருந்து எடுக்கப் போகும்போது வாசலில் சத்தம் கேட்டது.

செக்யூரிட்டி ஒரு பெண்மணியை மறித்து நிறுத்தியிருந்தான். சட்டையில் வீரமணி என்று பெயர் குத்தியிருந்தது. அவன் கையில் பச்சை இலை போட்ட சணல் பை. எதிரே வானதி டீச்சர்.

"நம்ம கடைப் பை எங்கம்மா?"

"மாத்திக்கிட்டேன் தம்பி."

"பில்லு?"

"கிழிச்சுப் போட்டுட்டேன்."

"பில்லை யாராச்சும் கிழிப்பாங்களா? பாக்கெட்டுல ஒண்ணுலகூட ஸ்டிக்கர் இல்ல. உள்ளயே நின்னு உரிச்சிருக்கீங்க. எதுக்கு?"

எதுக்கு என்று அந்தக் கடையிலேயே அவளைத் தவிர எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். இரண்டு வருஷமாக என் வாய்க்குப் பயந்து, பாபநாசம் வரைக்கும் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருக்கிறாள். நான் கண்டுபிடித்ததாக நினைத்த வித்தையை எனக்கு முன்னாலேயே அவள் செய்துகொண்டிருக்கிறாள். என்ன, நான் வெளியே போய் உரிப்பேன். அவள் அவசரப்பட்டு உள்ளேயே உரித்துவிட்டாள்.

"பில்லு போட்ட பொண்ணு யாரு?"

"பூமிகான்னு போட்டிருந்துச்சு."

"அது சாப்பிடப் போயிருக்கு. வர்ற வரைக்கும் இப்படி உக்காருங்க."

கூட்டம் கூடிவிட்டது. அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். நான் ஏன் அங்கே நிற்கிறேன் என்று அவள் யோசிக்கவே இல்லை. தொலைந்துபோன குழந்தை அம்மாவைக் கண்டதுபோல முகம் மலர்ந்தது.

"மாமி! தம்பி, இவங்களைக் கேளுங்க. எங்க எதிர் வீடு. என்னை நல்லாத் தெரியும்."

வீரமணி என் பக்கம் திரும்பினான். "ஏம்மா, இவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

ஒரு வார்த்தைதான் கேட்டான். என் கைப்பைக்குள்ளும் அதே மாதிரி சணல் பை மடித்துக் கிடந்தது. தெரியும் என்றால் அதைத் திறக்கச் சொல்லுவான். இரண்டு கிழவிகள் சேர்ந்து வந்திருக்கிறார்கள் என்பான். வீட்டு போன் நம்பரைக் கேட்பான். போனை எடுப்பது அவர். பிள்ளைக்கு வேலை போனது வரைக்கும் எல்லாம் வெளியே வந்துவிடும். இவ்வளவும் ஒரு நொடியில் தோன்றியது. அதைச் சொல்லி என்னை நியாயப்படுத்திக்கொள்ளவில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

அவள் மருந்து விட்டுக் காப்பாற்றிய கண்ணாலேயே அவளைப் பார்த்து, "தெரியாது" என்றேன்.

அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன். பஸ் ஏறி ராஜகிரி தாண்டிய பிறகுதான், என் சாமானைக் கடை மேடையிலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் தலைவலி என்று உள்ளே படுத்துக்கொண்டேன். வாசல் மணி அடித்தது. அவர் யாருடனோ பேசினார். கதவைச் சாத்திவிட்டு ஒரு சணல் பையோடு வந்தார்.

"வானதி டீச்சர் வந்தா. நீ கடையிலே பையை மறந்து வச்சுட்டு வந்துட்டியாமே. எடுத்துண்டு வந்து குடுத்துட்டுப் போறா."

நான் எழுந்து உட்கார்ந்தேன். என் பை என் கைப்பைக்குள்தான் இருந்தது. இது அவளுடையது.

"அவ கையிலே ஒரு ஊதாப் பை வச்சிண்டிருக்கா. ஏதோ மலிவுக் கடை போலிருக்கு. பாவம், என்ன கஷ்டமோ" என்றார் அவர்.

பையைத் திறந்து பார்த்தேன். நான் வாங்கிய சாமான்தான். துவரம்பருப்பு, அரிசி, மிளகு, எதிலும் ஸ்டிக்கர் இல்லை. ஒவ்வொன்றாக உரித்திருந்தாள். அதைச் செய்ததற்காகத்தான் மத்தியானம் அவளைத் திருடி என்று நிறுத்தி வைத்தார்கள். அதையே எனக்காக உட்கார்ந்து செய்திருக்கிறாள். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். தலைவலி அதிகமாகிவிட்டது என்று நினைத்து அவர் தைலம் கொண்டுவந்து கொடுத்தார்.

எதிர் வீட்டுக் கதவு எட்டு அடி தூரம். என்னால் போய்த் தட்ட முடியவில்லை. அவளும் நடக்க வரவில்லை. அந்த மாதம் முழுக்க அவள் ஊதாப் பையோடுதான் மாடி ஏறினாள். படிக்கட்டுப் பெண்கள் தீர்ப்புக்காக என்னைப் பார்த்தார்கள். நான் சாவியைத் தேடுவதுபோல் கைப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் மறுபடியும் பாபநாசம் போனேன். போகாமல் எப்படி இருப்பது, சாப்பிட வேண்டுமே. பில் போட்ட பெண் என்னை உற்றுப் பார்த்தாள்.

"நீங்கதானம்மா அன்னைக்குப் பையை வச்சிட்டுப் போயிட்டீங்க? உள்ள வரும்போதே வீரமணி அண்ணன் சொன்னாரு."

இவள்தான் பூமிகாவா என்று அப்போது சட்டையைப் பார்த்தேன். தலையாட்டினேன்.

"நான் வந்து கம்ப்யூட்டர்ல பில்லை எடுத்துக் குடுத்ததும் விட்டுட்டாங்க. அதுக்குள்ள அந்த டீச்சரை முக்கால் மணி நேரம் உக்கார வச்சிட்டாங்கம்மா. கிளம்பும்போது உங்க பையைக் கேட்டாங்க. தெரியாதுன்னு சொல்லிட்டுப் போனவங்க பையை நீங்க ஏன் தூக்கறீங்கன்னு வீரமணி அண்ணன் கேட்டாரு. 'அவங்க என் சிநேகிதி. கொஞ்சம் பயந்த சுபாவம்'னு சொல்லிட்டு, கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போனாங்க."

நான் ஊதாப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்துக்குப் போகவில்லை. இன்றைக்கு இந்தப் பையோடுதான் மாடி ஏறுவது, நேரே எதிர் வீட்டுக்குப் போய்க் காலில் விழுவது என்று முடிவுசெய்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது.

தஞ்சாவூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. இரண்டாவது ஜன்னலில் வானதி டீச்சர் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து சீட்டில் அவளுடைய ஊதாப் பை. ஒளிக்க ஒன்றும் இல்லாதபோதும், பழக்கத்தில் இங்கேயே வந்திருக்கிறாள் போலிருக்கிறது. என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டாள்.

"தஞ்சாவூர் ஏறுங்கம்மா, ஏறுங்க" என்றார் கண்டக்டர்.

ஏறினால் ஒரு மணி நேரம் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும். காலில் விழுவதாக அவ்வளவு பெரிதாக முடிவுசெய்த எனக்கு, அவள் முகத்துக்கு நேரே சொல்ல ஒரு வார்த்தைகூட வரவில்லை. கண்டக்டரைப் பார்த்து, வேண்டாம் என்று கையை ஆட்டினேன். விசில் ஊதினார். பஸ் திரும்பும்போது அந்த சீட் காலியாகவே இருந்ததைப் பார்த்தேன்.

அடுத்த பஸ்ஸுக்காக பெஞ்சில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து பார்த்தபோது, என் நகம் பருப்புப் பொட்டலத்தின் ஸ்டிக்கரைப் பாதி உரித்திருந்தது. மீதியையும் உரித்துவிட்டு, கைப்பையிலிருந்து சணல் பையை எடுத்தேன்.