குறட்டை யாருடையது

மருந்துப் பெட்டிகளில் அச்சாகும் பொடி எழுத்துகளில் பிழை திருத்துவது அம்மாவின் வேலை. ஒரு புள்ளி இடம் மாறினாலும் கண்ணை உறுத்தும். அப்படிப்பட்டவளின் எட்டு வயது மகள், எழுதச் சொன்ன பக்கத்தை விட்டுவிட்டு வேறொரு பக்கத்தில் பாதி வரி எழுதி, அதையும் மறந்து, பென்சிலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டில் அவளுக்குப் பெயர் குட்டிமா. வகுப்பில் பிள்ளைகள் வைத்த பெயரைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

"பிள்ளை இருக்கா, ஆனா இங்க இல்ல," என்றார் டீச்சர். "கேள்வி கேட்டா எந்திரிச்சு நிக்கிறா. அதோட சரி."

அம்மா முதலில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். கண்ணாடி கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு குட்டிமா முன்பைவிடத் தெளிவாகப் பென்சிலைப் பார்த்தாள். அடுத்து, காது கேட்கிறதா என்று சோதிக்கும் இடத்தில் குண்டூசி விழும் சத்தத்துக்குக்கூடக் கை தூக்கினாள். சத்துக் குறைவாக இருக்கும் என்று ஒருவர் டானிக் எழுதிக் கொடுத்தார். அதை ருசி பார்த்த அப்பாவுக்கு நன்றாகப் பசி எடுத்தது. இன்னொரு டாக்டர் பிள்ளையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பிடிவாதம். வீட்டுல கண்டிப்பு போதாது," என்றார்.

கண்டிப்பு என்றதும் அம்மாவுக்குத் தெம்பு வந்தது. மாத்திரை வாங்க வேண்டியதில்லை, வீட்டிலேயே இருக்கிறது. தினமும் சாயங்காலம் மகளை எதிரில் உட்காரவைத்தாள். ஒருநாள் ஒரே வரியை நாலாவது முறை சொல்லியும் பலிக்காமல், புத்தகத்தைத் தூக்கி எறிந்தாள். குட்டிமா அழவில்லை. எழுந்து போய் எடுத்துவந்து, அம்மா கைதவறிப் போட்டுவிட்டதுபோல, பத்திரமாகக் கையில் கொடுத்தாள்.

மறுநாள் அம்மா லீவு போட்டாள். குழந்தைகள் மனநல டாக்டர் ஒருவரிடம் மூன்று பேருமாகப் போனார்கள்.

வெளியே நாற்காலிகள் நிரம்பியிருந்தன. காத்திருந்ததில் குட்டிமா அப்பா தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். சற்று நேரத்தில் குறட்டை கிளம்பியது. மரம் அறுக்கிற சத்தம். எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். ஆள் வாட்டசாட்டமானவர். குறட்டையில் பேர் எடுத்தவரும்கூட.

"நான் இல்லங்க," என்றார். யாரும் நம்பவில்லை. சாட்சிக்குக் கண்களை அகலத் திறந்து வைத்துக்கொண்டார்.

அறைக்கதவு திறந்தது. டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "யாரு அது?"

"எங்க பொண்ணு, டாக்டர்," என்றாள் அம்மா.

டாக்டர் அருகில் வந்து நின்றார். குறட்டை சட்டென்று நின்றது. மூச்சும் நின்றது. பிறகு உடம்பு தூக்கிப்போட, திணறி ஒரு மூச்சு இழுத்து, குட்டிமா மறுபடி அறுக்க ஆரம்பித்தாள்.

"இப்படி அடிக்கடி நடுவுல நிக்குமா?"

"இவர் சத்தத்துல இவ சத்தம் தனியா கேக்காது டாக்டர். நல்லா தூங்குறான்னுதான் நினைச்சோம்."

உள்ளே டாக்டர் குட்டிமாவோடு நெடுநேரம் பேசினார், விளையாட வைத்தார், டீச்சர் எழுதியனுப்பியதைப் படித்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார்: "கவனக்குறைபாடு இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ராத்திரி முழுக்க மூச்சுக்குப் போராடுற பிள்ளை பகல்ல இப்படித்தான் இருக்கும். முதல்ல தூக்கத்தைச் சரி பண்ணுவோம். அதுவரைக்கும் நான் எந்தப் பேரும் வைக்க மாட்டேன்."

"அப்ப பிடிவாதம் இல்லையா?"

"பிடிவாதம் பிடிக்கத் தெம்பு வேணும்மா."

தலையிலும் மார்பிலும் ஒயர் ஒட்டித் தூக்கத்தைப் பரிசோதித்தார்கள். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து காற்றுப் பாதையை அடைத்திருந்தது. தொண்டையில் டான்சிலும் வீங்கியிருந்தது. இரண்டையும் அறுவை செய்து எடுத்தார்கள். "நீங்களும் ஒரு தடவை பாத்துக்கோங்க," என்று டாக்டர் சொன்னபோது அப்பாவுக்கு அவசர வேலை வந்துவிட்டது.

வீட்டில் சத்தம் பாதியானது. அம்மாதான் கொஞ்ச நாள் தூங்கவில்லை. மகள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தபடி கிடந்தாள்.

சில வாரம் கழித்து, தலை வாரிவிடும்போது கேட்டாள்: "முன்னாடி நான் சொல்றது உனக்குக் கேக்குமா குட்டிமா?"

"கேக்கும். ஆனா உடனே போயிரும்."

"எங்க?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

அம்மா பின்னலை முடித்துவிட்டுச் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, எதையும் கழுவாமல் நின்றாள்.

மறுபடி பார்த்த மனநல டாக்டர், கவனம் நன்றாகத் தேறியிருக்கிறது, கணக்கில் மட்டும் ஏதோ சிக்கல் மிச்சமிருக்கிறது, அதைத் தனியாகப் பார்க்கவேண்டும் என்றார். அதற்கு என்ன பெயர் என்று அம்மா இந்தமுறை கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் குட்டிமா வீட்டுப்பாடத்தைப் பாதியில் நிறுத்தினாள். அம்மா வாயைத் திறப்பதற்குள் ஒரு கணக்கின் நடுவில் விரலை வைத்தாள்.

"இதுவரைக்கும் புரியுது. இந்த இடத்துலதான் மாட்டிக்கிச்சு."

அம்மா அந்த இடத்தைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.