வெளிக்கிடுகிற நேரம்

"அம்மா எங்க?"

விமான நிலையத்துக்குப் போகிற வான் தெருப் படலைக்கு வெளியே உறுமிக்கொண்டு நின்றது. பெட்டி இரண்டும் ஏறிவிட்டன. அனுஷியா வாசலில் ஒரு கால், உள்ளே ஒரு காலாக நின்று மூன்றாம் தடவை கேட்டாள்.

"கொம்மா குசினிக்குள்ள நிக்கிறா. நீ வெளிக்கிடு," என்றார் மாமா சிவகுரு.

"சொல்லிப்போட்டு வாறன்."

"வெளிக்கிட்டாப் பிறகு திரும்பி உள்ளுக்குப் போறதே? படிச்ச பிள்ளைதானே நீ?"

படிப்புக்கும் அதற்கும் என்ன தொடர்பென்று அவர் சொல்லவில்லை. படலையடியில் மாமி, புதுச்சேலையும் பெரிய குங்குமப் பொட்டுமாக, ஒரு செம்பு தண்ணீரோடு தயாராக நின்றாள். முழுவியளத்துக்கு. நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவருக்கு எதிரே முதலில் வருவது சுமங்கலியின் முகமாக இருக்கவேண்டும்.

அம்மா புஸ்பராணிக்குப் புருசன் இல்லை. துறைமுகத்தில் வேலை செய்தவர், இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சுவலியில் போய்விட்டார். அன்றிலிருந்து துறைமுகத்துத் தொழிலாளிகளுக்கு மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் கட்டி மகளைப் படிப்பித்தவள் அவள்தான். விசாவுக்குக் கொழும்பில் வரிசையில் நின்றபோது குடை பிடித்தவளும் அவள்தான். வழியனுப்ப மட்டும் அவள் முகம் ஆகாது.

"அம்மா!" என்று கத்தினாள் அனுஷியா.

குசினிக் கதவு திறக்கவில்லை. "போட்டு வா பிள்ளை. கவனம்." குரல் மட்டும் வந்தது. மிச்சத்தைப் பைப் தண்ணீரின் சத்தம் விழுங்கிவிட்டது.

மாமி செம்போடு சிரித்தபடி எதிரே வந்தாள்.

அந்த முழுவியளத்தோடு லண்டனில் இறங்கியபோது ஒரு பெட்டி வந்து சேரவில்லை. ஐந்து நாள் ஒரே சுவெட்டர்.

ஈஸ்ட்ஹாமில் ஒரு வீட்டின் மேல்மாடி அறை. கட்டில், மேசை, திறக்க முடியாத யன்னல். ஆறு பேர் சமைக்க ஒரு குசினி. எதிரறைப் பெண்ணின் பெயர் தெரியாது, அவளுடைய பால் போத்தலில் ஒட்டியிருந்த 'கே' என்ற எழுத்து மட்டும் தெரியும். வகுப்பு முடிந்தால் எல்லாரும் கும்பலாக எங்கேயோ போவார்கள். "நீயும் வாவன்" என்பார்கள், பதில் கேட்க நிற்கமாட்டார்கள். கடையில் காசு வாங்குவதும் மெசின். வெள்ளி பின்னேரத்திலிருந்து திங்கள் காலை வரை ஒரு இங்கிலீசுச் சொல்லும் வாயில் வராமல் போன கிழமைகள் இருந்தன. அம்மாவோடு கதைக்கிற பத்து நிமிடம்தான் கதை. அதுவும் முடிந்தால், சுவருக்கு அப்பால் யாரோ சிரிக்கிற சத்தம்.

முதல் பிரசன்டேசன் ஒரு திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு அம்மாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தாள். திருகோணமலையில் பன்னிரண்டரை. பார்சல் எல்லாம் போய்விட்டன. புஸ்பராணி வேர்த்த முகத்தோடு எடுத்தாள்.

"சாப்பிட்டியோ? காதை மூடு பிள்ளை, குளிர் ஏறும்."

அவ்வளவுதான். அனுஷியா சிரித்துக்கொண்டே போனாள். போய், இருபத்திரண்டு பேருக்கு முன்னால் எழும்பி நின்றதும் ஒரு சொல்லுக்கு அடுத்த சொல் வாயில் வரவில்லை. திரையில் மூன்றாவது படத்தோடு நின்றுவிட்டாள். பேராசிரியர் இரண்டு கிழமை தவணை கொடுத்தார். இன்னொரு தரம், அதுதான் கடைசி.

செய்தி ஊருக்கு வந்தது. மாமி விரலை மடித்து மணி பார்த்தாள்.

"எத்தின மணிக்குப் பிள்ளை எடுத்தவள்?"

"பன்னிரண்டரை, மச்சாள்."

"அப்ப அங்க எட்டு. பிள்ளை வெளிக்கிடுற நேரம் உன்ர முகத்தை ஏன் புஸ்பம் காட்டினனீ?"

"மத்தியானமெண்டு நினைச்சு எடுத்துப்போட்டன்," என்றாள் புஸ்பராணி, களவு பிடிபட்டவள் போல.

அதற்குப் பிறகு காலை அழைப்புகளுக்குப் பதிலில்லை. பின்னேரங்களில் எடுத்தாலும் திரையில் சீலிங் ஃபேன்தான் சுற்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுஷியாவுக்குப் பொறுக்கவில்லை.

"முகத்தைக் காட்டுங்கோ அம்மா."

"கையெல்லாம் அரிசி மா."

"முகத்திலயும் மாவோ?"

 மச்சாள் கேட்டதை எல்லாம் புஸ்பராணி சொன்னாள்.

"விசரே அம்மா உங்களுக்கு? மாமியின்ர முழுவியளத்தோட வந்துதானே என்ர பெட்டி துலைஞ்சது! ஆராவது மாமியைக் குறை சொன்னவையோ?"

"அது பிளேன்காரன்ர பிழை."

"அப்ப இது என்ர தனிமையின்ர பிழை. எனக்கு இங்க கதைக்க ஒருத்தருமில்லை. கதைச்ச பழக்கமே விட்டுப்போச்சு, அதான் வாய் வரேல்ல. விளங்குதே?" அவள் குரல் உடைந்தது. "அண்டைக்கு உங்களைப் பாக்காமல் வந்தனான். இனி ஏலாது. நாளைக்குத்தான் அந்தக் கடைசித் தரம். எட்டு மணிக்கு எடுப்பன். முகம் காட்டாட்டி வெளிக்கிட மாட்டன்."

மறுநாள் சிவகுரு வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். மகனுக்குப் பேசின சம்பந்தம். உப்புவெளியில் பெண் வீட்டில் சீதனக் கதை. வீடும் காணியும் பேசி முடிந்தது, இன்றைக்குக் கார் பேசவேண்டும். போகமுன் தங்கையிடம் சாப்பிட வந்தார். சமைக்கிற கை ஆகும், முகம்தான் ஆகாது.

தொலைபேசி அடித்தது. நின்றது. திரும்ப அடித்தது.

"எடுக்காத," என்றார், சோற்றைப் பிசைந்தபடி. "அங்க வெளிக்கிடுற நேரம்."

மூன்றாம் தரம் அடித்து நின்றபின் ஒரு எழுத்துச் செய்தி வந்தது. *வாசலில நிக்கிறன். பஸ் போயிட்டுது. அடுத்தது பதினொரு நிமிசத்தில. அதையும் விடுவன்.*

புஸ்பராணி அதை இரண்டு தரம் வாசித்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். அண்ணனுக்கு முன்னாலேயே முன்னறையைக் கடந்து, படலைக்கு, நல்ல வெயிலுக்குப் போனாள். தொலைபேசியை மதிலில் சாத்தி வைத்து மகளுக்கு அழைத்தாள். நாலடி பின்னுக்குப் போனாள். பொட்டில்லாத நெற்றியை நிமிர்த்திக்கொண்டு எதிரே நடந்து வந்தாள்.

அங்கே, குளிரில், அனுஷியா படியிறங்கி அந்த முகத்தை நோக்கி நடந்தாள். 

"பஸ் வந்திட்டுது அம்மா."

"போட்டு வா."

திரை இருண்டது. புஸ்பராணி படலையை விட்டு அசையவில்லை.

"புஸ்பம்," உள்ளிருந்து சிவகுரு கூப்பிட்டார். கை கழுவி, செருப்பும் போட்டுவிட்டார். "கதைச்சு முடிஞ்சுதெல்லோ? உள்ளுக்கு வா. நான் வெளிக்கிட வேணும்."

"வெளிக்கிடுங்கோவன் அண்ணை. ஆர் மறிச்சது?"

வெளியே போக அந்தப் படலை ஒன்றுதான் வழி. சிவகுரு அவளைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், கதிரையில் குந்தினார்.

"நல்ல நேரம் ஒரு மணியோட முடியுது பிள்ளை..." இந்த முறை குரல் கெஞ்சியது.

வீதியில் மீன்காரன் ஜெமீல் சைக்கிளில் வந்தான். புஸ்பராணி கை காட்டி மறித்தாள்.

"என்ன மீன் கிடக்கு?"

"பாரை, சூரை, கொஞ்சம் நெத்தலியும் இருக்கு அக்கா."

அவள் படலையில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

"எல்லாத்தையும் ஒவ்வொண்டா எடுத்துக் காட்டு, பாப்பம். அவசரமில்லை."