நாலு வால்வு, ஒரு டெஸ்ட்

வால்வு சிவக்க ஆரம்பித்துவிட்டது.

கண்ணாடிக்கடைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஆம்ப்ளிஃபையரின் ‘பிளேட்’ குமிழைத் திருகினார். இடது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. அந்தப் பெட்டிக்குள் ஓடுவது ஆளைச் சுவரில் அறைகிற மின்சாரம். ஒரு கை பைக்குள் கிடந்தால் அது மார்பைக் குறுக்கே கடக்காது என்பது, வால்வு ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்கள் முதலில் பழகிக்கொள்கிற மரியாதை. மீட்டர் ஊசி சட்டென்று பள்ளத்தில் விழும் இடத்தைப் பிடிக்க வேண்டும். பத்து வினாடிதான் அவகாசம். தாண்டினால், பெட்டிக்குள் பல்பு மாதிரி நிற்கும் நாலு வால்வும் கரியடுப்பு மாதிரி கனலும். அதற்குப் பிறகு எதற்கும் கனலாது.

எட்டாவது வினாடியில் வாசல் மணி அடித்தது.

“என்னங்க, செயலாளர் வந்துட்டார்” என்று கூடத்திலிருந்து மனைவியின் குரல்.

“ரெண்டு செகண்டு இருக்கச் சொல்லு.”

“ரெண்டு செகண்டு இருக்கச் சொல்றார் சார்.”

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டு வினாடி வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்தார். அதற்குள் ஊசி பள்ளத்தில் விழுந்திருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் கையை எடுத்தார். வால்வுகளின் சிவப்பு மெல்ல வடிந்தது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “வாங்க சார்” என்றார், பூத்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் போல.

செயலாளர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். உலகத்தில் எந்தத் தகராறையும் ஒரு டெஸ்ட் வைத்தால் தீர்த்துவிடலாம் என்று நம்புகிறவர். சங்கத் தேர்தலில் தன்னை எதிர்த்து நின்றவரையே வண்டியை ரிவர்ஸ் எடுத்துக் காட்டச் சொன்னார் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் பின்னாலேயே கட்டடத்து எலெக்ட்ரீஷியன் நின்றான். அவன் கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு கம்பிவெட்டி இருந்தது.

“அது எதுக்கு சார்?” என்று கேட்டார் கண்ணாடிக்கடைக்காரர்.

“நீங்க ஃபெயில் ஆனா மொட்டை மாடியில இருக்கிற உங்க ஆண்டெனாவை வெட்டறதுக்கு. மறுபடி போய் எடுத்துட்டு வர முட்டி வலிக்குதாம் அவனுக்கு.”

“பாஸ் ஆயிட்டா?”

“திரும்பக் கொண்டுபோய் வைப்பான். வலியோட.”

விஷயம் இதுதான். கண்ணாடிக்கடைக்காரர் பகலெல்லாம் பிறர் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு, மிச்ச நேரத்தில் ரேடியோவில் உலகத்தோடு பேசுகிறவர். உரிமம் பெற்றவர். அவருடைய ரேடியோவுக்கு நூறு வாட்தான் தெம்பு. ஒரே நேரத்தில் நூறு பேர் கூப்பிடுகிற கூட்டத்தில் அது எடுபடாது. புது ஆம்ப்ளிஃபையர் வாங்குகிற காசுக்கு ஒரு கார் வாங்கி, அதில் ஏறி நேரே போய்ப் பேசிவிட்டு வந்துவிடலாம். ஆகவே பழையது ஒன்றைப் பிடித்தார். ஒரு காலத்தில் டி.வி. பெட்டிகளுக்காகச் செய்த வால்வு நாலு, தையல் மிஷின் கனத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர், குளியலறையில் இருக்க வேண்டிய ஒரு காற்றாடி. விற்றவர் தானே தூக்கிவந்து ஆட்டோவில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். ஆனால் நூறு வாட் ஐந்நூறானது.

அந்த ஐந்நூறுதான் மேல்மாடிக்கும் போனது. மேல்மாடியில் கீபோர்டு டீச்சர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வாசித்த மெட்டின் நடுவே ஸ்பீக்கர் ஒரு ஆண் குரலில், “என் குரல் எப்படிக் கேட்கிறது?” என்று விசாரித்தது. நன்றாகவே கேட்கிறது என்று டீச்சர் சங்கத்துக்குப் புகார் கொடுத்தார்.

அதற்குப் பிறகு கண்ணாடிக்கடைக்காரர் கையில் கிடைத்த கறுப்பு ஃபெரைட் வளையங்களையெல்லாம் வாங்கிவந்து, தன் வீட்டு வயர்களுக்கும், அனுமதி கேட்டு டீச்சர் வீட்டு ஸ்பீக்கர் வயர்களுக்கும் கொலுசு மாட்டுவதுபோல மாட்டிவிட்டார். வளையம் குரலை வயருக்குள் ஏறவிடாமல் தடுக்கும். தடுக்கிறதா என்பதற்குத்தான் இன்றைய டெஸ்ட்.

தோற்றால் ஆண்டெனா போகும். அது என்றைக்குப் போனாலும் துக்கம்தான். இன்றைக்குப் போனால் பெருந்துக்கம். ஏனென்றால் தெற்குக் கடலில் ஆளே இல்லாத ஒரு தீவில் நாலு பேர் கூடாரம் போட்டு ரேடியோ வைத்திருந்தார்கள். அவர்களோடு ஒரு வார்த்தையாவது பேசிவிட உலகத்து ரேடியோக்காரர்களெல்லாம் முண்டிக்கொண்டிருந்தார்கள். மறுபடி அங்கே ஆள் போக இருபது வருஷம் ஆகலாம். இன்று சாயங்காலம் கூடாரத்தைச் சுருட்டுகிறார்கள்.

“டீச்சர் ஊர்ல இல்ல, சாயங்காலம்தான் வர்றாங்க. சாவி என்கிட்ட இருக்கு” என்றார் செயலாளர். “தம்பி மேல போய் நிப்பான். நான் இங்க உக்காந்து நீங்க முழுப் பவர்ல பேசறீங்களான்னு பார்ப்பேன். ஸ்பீக்கர்ல உங்க குரல் வந்தா, போன்ல சொல்லுவான். சரியா?”

“சரி சார்.”

“நல்லாக் கேளு தம்பி. சின்னச் சத்தம்னாலும் சொல்லணும்.”

“என் காது பாம்புக் காது சார்” என்று சொல்லிவிட்டு எலெக்ட்ரீஷியன் படியேறினான்.

செயலாளர் நாற்காலியை இழுத்து மீட்டருக்கு முன்னால் போட்டுக்கொண்டார். வழக்கமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் மேல் காலை வைத்திருக்கிறவர். இங்கே பிரேக் இல்லாததால் மேஜைக் காலை மிதித்துக்கொண்டார்.

“முழுப் பவர்னா ஊசி எங்க நிக்கணும்?”

“இந்த ஐந்நூறுல.”

“நிக்கட்டும்.”

கண்ணாடிக்கடைக்காரர் மைக்கை அழுத்தி, தன் நிலையத்தின் அடையாளத்தைச் சொல்லி, நீளமாக ஒரு ‘ஆ’ சொன்னார். ஊசி எழுந்து ஐந்நூறைத் தொட்டது. ஆண்டெனாவுக்குப் பிடிக்காமல் திரும்பிவரும் சக்தியைக் காட்டுகிற இன்னொரு ஊசி அசையவே இல்லை. அது ஒருநாளும் இத்தனை ஒழுக்கமாக நடந்துகொண்டதில்லை. வந்தவர்களுக்கு முன்னால் அடங்கி இருக்கிற பிள்ளையைப் பார்ப்பதுபோல அவர் அதைப் பெருமையோடு பார்த்தார்.

“தம்பி, கேக்குதா?” செயலாளர் போனில் கேட்டார்.

“சுத்த அமைதி சார்.”

“இன்னும் சத்தமா.”

கண்ணாடிக்கடைக்காரர் இன்னும் சத்தமாக ‘ஆ’ சொன்னார். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப்பார்த்து, பல் டாக்டர் யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு உள்ளே போனார்.

“இப்ப?”

“ஒரு ஈ பறந்தாக் கேக்கும் சார். அப்படி இருக்கு.”

செயலாளர் எழுந்து கை கொடுத்தார். “பாஸ். இனிமே உங்க ஆண்டெனாவை யாராவது தொட்டா என்கிட்ட சொல்லுங்க.”

அவர்கள் போனதும் கண்ணாடிக்கடைக்காரர் கைகளைத் தேய்த்துக்கொண்டு, ஹெட்போனை மாட்டி, தீவைத் தேடினார்.

தீவு இல்லை. தீவைக் கூப்பிடுகிற கூட்டமும் இல்லை. கூட்டம் இல்லாதபோது கேட்கிற அந்த மழைச் சத்தம் போன்ற இரைச்சலும் இல்லை. ரேடியோவில் வெறுமைக்கும் ஒரு சத்தம் உண்டு. இது அதுவும் இல்லாத, துணி அடைத்த மாதிரி ஒரு வெறுமை. வானமே கழன்று போய்விட்டதா என்று ஒரு கணம் நினைத்தார். அப்புறம் மேஜை ஓரத்தில் இருந்த சுவிட்சைப் பார்த்தார்.

அந்தச் சுவிட்சுக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் ஆண்டெனா. மறு பக்கம் மேஜைக்கு அடியில் இருக்கும் டம்மி லோடு, அதாவது ஒரு பெயிண்ட் டப்பா நிறைய எண்ணெய், அதற்குள் முங்கிக் கிடக்கும் ஒரு மின்தடை. ஆம்ப்ளிஃபையரை டியூன் செய்யும்போது உலகத்தின் காதில் விசிலடிக்கக் கூடாது என்பதற்காக, சக்தியை வானத்துக்கு அனுப்பாமல் அந்த டப்பாவுக்குள் விட்டு எண்ணெயைச் சூடாக்குவார்கள். டியூன் முடிந்ததும் சுவிட்சைத் திருப்ப வேண்டும். டியூன் முடிந்த வினாடியில்தான் செயலாளர் உள்ளே வந்திருந்தார்.

குனிந்து டப்பாவைத் தொட்டார். விரலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

மனைவி வந்து பார்த்தபோது அவர் அதே நிலையில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாளுக்கு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. வருகிற கிளைம்களில் எது பொய் என்று பொறுக்கி எடுப்பதுதான் வேலையே.

“ஏன் பேய் அறைஞ்ச மாதிரி இருக்கீங்க? பாஸ் ஆயாச்சுல்ல?”

“பாஸ் ஆனது நான் இல்ல. இந்த டப்பா.”

விவரம் சொன்னார். அவர் மனைவி டப்பாவின் மூடிக்கு மேல் உள்ளங்கையைக் காட்டினார். “நல்லாக் காஞ்சிருக்கு. நாலு வடையாவது போட்டு எடுத்திருக்கலாம்.”

“அது டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்.”

“உங்களுக்கு மட்டும்தான் எடுப்பேன்.”



“யாருக்கும் தெரியாது” என்றார் கண்ணாடிக்கடைக்காரர் மெதுவாக.

“எங்க ஆபீசுக்கு வர்ற பாதிக் கிளைமுக்கு அதுதாங்க முதல் வரி.”

“சொன்னா மறு டெஸ்ட் வைப்பார். வளையம் வேலை செய்யலைன்னா இன்னிக்கே ஆண்டெனா போயிடும்.”

“சொல்லாம இருங்க. சுவிட்சைத் திருப்பி ஜாலியாப் பேசுங்க. நாளைக்கு டீச்சர் ஸ்பீக்கர்ல உங்க குரல் வரும். அப்ப ஆண்டெனாவோட சேர்த்து மானமும் போகும். டெஸ்டுல ஏமாத்தினவன் பொண்டாட்டின்னு நான் லிஃப்டுல ஏறணும். படியில ஏறினா ஆறு மாடி.”

“ஒருவேளை வளையம் வேலை செஞ்சா?”

“அப்ப எதுக்குப் பயப்படறீங்க?”

கண்ணாடிக்கடைக்காரர் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போனார். லிஃப்டில் போகும்போது, தான் நூறு வாட்டிலேயே திருப்தியாக இருந்திருக்கலாமோ என்று ஒரு யோசனை வந்தது. மூன்றாவது மாடியில் அது போய்விட்டது.

சங்க அறையில் செயலாளர் தனியாக உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் எதையும் ஒளிக்காமல் சொன்னார். சுவிட்ச், டப்பா, எண்ணெய், சுட்ட விரல்.

செயலாளர் முழுதும் கேட்டுக்கொண்டார். “அதாவது வண்டியை ஸ்டாண்டுல போட்டுட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கிக் காட்டியிருக்கீங்க.”

“அப்படித்தான் சார்.”

“பக்கத்துல உக்காந்து நானும் பாஸ் போட்டிருக்கேன்.”

“ஆமா சார்.”

“பதினெட்டு வருஷ சர்வீஸ் எனக்கு.” செயலாளர் கதவைப் பார்த்தார். வெளியே யாரும் இல்லை. “இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். தம்பியைக் கூப்பிடறேன். மறு டெஸ்ட். கம்பிவெட்டியையும் எடுத்துட்டு வரச் சொல்றேன், தப்பா நினைக்காதீங்க.”

எலெக்ட்ரீஷியன் முனகிக்கொண்டே மறுபடி மேலே போனான். கண்ணாடிக்கடைக்காரர் சுவிட்சை ஆண்டெனா பக்கம் திருப்பினார். செயலாளர் தன் விரலால் அதைத் தள்ளிப் பார்த்துக்கொண்டார். ஹெட்போனைக் கழற்றி ரேடியோவின் ஸ்பீக்கரைப் போட்டதும் அறைக்குள் வானம் கொட்டியது. இரைச்சல், நூறு குரல்கள், அவற்றுக்கு அடியில் எங்கோ மெலிதாக ஒரு குரல். தீவு.

பிளேட் குமிழ், லோடு குமிழ், மறுபடி பிளேட். ஆண்டெனாவில் டியூன் வேறு மாதிரி இருக்கும். ஒரு கை பைக்குள். ஆறே வினாடியில் ஊசி பள்ளத்தில் விழுந்தது.

“எப்படியும் கத்தத்தான் போறேன் சார். தீவைக் கூப்பிட்டே கத்தட்டுமா?”

“யாரை வேணா கூப்பிடுங்க. ஊசி ஐந்நூறுக்கு வரணும்.”

கூப்பிட்டார். ஊசி வந்தது. திரும்பும் சக்தி ஊசி இந்த முறை வழக்கம்போலத் தன் சுபாவத்துக்குக் கொஞ்சம் துள்ளியது. போனில், “அமைதி சார்” என்றான் எலெக்ட்ரீஷியன். மறுபடி கூப்பிட்டார். “அமைதி.” மூன்றாம் முறை கூப்பிட்டு மைக்கை விட்டபோது, நூறு குரல்களும் அடங்கிய ஒரு இடைவெளியில், அந்த மெலிந்த குரல் அவருடைய அடையாளத்தை எழுத்து எழுத்தாகத் திருப்பிச் சொன்னது.

கண்ணாடிக்கடைக்காரர் மைக்கை மறுபடி அழுத்தினார். பதில் சொன்னார். நன்றி சொன்னார். அவ்வளவுதான், தீவு அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

“என்ன சொன்னான்?” என்றார் செயலாளர்.

“என் குரல் நல்லாக் கேக்குதாம்.”

“வேற?”

“அவர் குரலும் எனக்கு நல்லாக் கேக்குதுன்னு நான் சொன்னேன்.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்ல சார்.”

செயலாளர் நாலு வால்வையும், காற்றாடியையும், அந்த மனிதரின் ஈரக் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி. எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல. பாஸ். இந்தத் தடவை நிஜ பாஸ்” என்று சொல்லிவிட்டு, ஒரு மாணவி காத்திருக்கிறாள் என்று லிஃப்டில் இறங்கிப் போனார்.

கண்ணாடிக்கடைக்காரரும் மனைவியும் வாசலுக்கு வந்து நின்றார்கள். எலெக்ட்ரீஷியன் முட்டியைப் பிடித்துக்கொண்டு, கம்பிவெட்டியை ஊன்றுகோல் மாதிரி ஊன்றி, படியிறங்கி வந்தான். கண்ணாடிக்கடைக்காரர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, நிஜமாச் சொல்லு. ஸ்பீக்கர்ல ஒரு சின்னக் கரகரப்பு கூடவா இல்ல?”

“ஸ்பீக்கர்லயா?” என்றான் அவன். “அதை ஏன் சார் கேக்கறீங்க. சுவிட்சைப் போட்டாலே ஊ-ன்னு ஒரே உறுமல். அந்த உறுமல்ல உங்க குரல் வந்தா எனக்கு எங்க கேக்கப்போகுது? அதான் ரெண்டு தடவையும் அதை அணைச்சு வச்சுட்டு, காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன்.”