ஒரு விரல் தள்ளி

வண்டியின் கதவுகள் இரண்டும் புதன்கிழமை சாயங்காலமே முடிந்துவிட்டன. ஈரம் ஏறாதபடி கதவின் இரும்புக் கூட்டின்மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, உள்பலகையின் பின்னாலிருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் துளை பார்த்து உள்ளங்கையால் தட்டி உட்கார வைத்து, கடைசியில் கண்ணாடி ஏற்றும் கைப்பிடியையும் மாட்டியிருந்தாள் இங்கெலா. சிவப்பு ரெக்சினில் ஒரு சுருக்கம் கிடையாது. வியாழக்கிழமைக்கு மிஞ்சியது கார்ப்பெட் மட்டும்தான்.

வண்டி, அறுபத்தொன்றாம் வருஷத்து வோல்வோ கார். கூன் விழுந்த முதுகும் உருண்டைக் கண்களுமாக இருக்கும் பழைய ரகம். சொந்தக்காரன் ஸ்டெல்லான், லிட்செப்பிங் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் செய்பவன். மனைவியைப் பிரிந்தவன், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இரண்டு பெண்பிள்ளைகளும் அவனிடம் இருப்பார்கள். நிறம், துணி எதிலும் அவன் தலையிடவில்லை. ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றான்: பின் இருக்கையில் பிள்ளைகளுக்கு பெல்ட் வேண்டும். அந்தக் காலத்து வண்டியில் பின்னால் பெல்ட் கிடையாது. தரையில் கனத்த தகடு வைத்து வெல்டிங் செய்து, அந்தத் தகட்டில்தான் பெல்ட்டின் போல்ட்டை இறக்க வேண்டும். ரோலண்ட் அதைச் செய்து, மேலே கறுப்புத் தாரும் பூசி, மூன்று வாரம் ஆகியிருந்தது.

ரோலண்ட் அவளுடைய அண்ணன். அவனுக்கு அறுபத்து மூன்று, அவளுக்கு ஐம்பத்தேழு. ஊருக்கு வெளியே ஒரு காலத்தில் பால் பண்ணையாக இருந்த கட்டடத்தைப் பதினேழு வருஷமாகப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். இடப்பக்கம் இரும்பு, அவனுடையது. வலப்பக்கம் துணியும் தோலும், அவளுடையது. நடுவில் தீப்பொறி தாண்டாமல் ஒரு கனத்த திரை. ரேடியோவில் எந்த நிலையம் என்பதைத் தவிர வேறெதற்கும் அவர்கள் பெரிதாகச் சண்டை போட்டதில்லை.

பின்பக்கத்துக் கார்ப்பெட்டை வெட்டி, ஓரம் தைத்து, ஒட்டுவதற்கு முன்னால் போல்ட் வரும் இடத்தைக் குறிக்க வேண்டும். இங்கெலா மண்டியிட்டு உள்ளே நுழைந்து, குத்தூசியால் கார்ப்பெட்டில் துளையிட்டு, அதன் வழியாக போல்ட்டை விட்டுத் தகட்டில் திருகினாள். ஸ்பானர்கூட எடுக்கவில்லை, விரலால்தான் திருகினாள். நான்காவது சுற்றில் போல்ட் இறுகியது. ஐந்தாவது சுற்றில் தகடு நகர்ந்தது.

அவள் கையை எடுத்தாள். பிறகு கார்ப்பெட்டை மடித்துப் போட்டுவிட்டு, விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்து, தாரைச் சுரண்டினாள். அடியில் இருந்தது அருமையான வெல்டிங். மீன் செதிலை அடுக்கியதுபோல ஒரே சீராக, நடுங்காத கை போட்ட வரி. ஆனால் அந்த வரி தகட்டின் விளிம்பில் இல்லை. விளிம்பிலிருந்து ஒரு விரல் தள்ளி, வெறும் தரையின்மேல் ஓடியிருந்தது. தகடு தரையோடு சேர்ந்திருந்தது ஒரு மூலையில் மட்டும். அதுவும் புளியங்கொட்டை அளவுக்கு.

திரைக்கு அந்தப் பக்கம் ரோலண்ட் சூப்பைச் சுடவைத்துக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப். அதில் மாற்றம் கிடையாது.

"அண்ணே, கொஞ்சம் இங்க வா."

"சூப்பு ஆறிடும்."

"ஆறட்டும். வா."

கையில் சூப்பில் கலக்கும் கடுகு விழுதுக் குப்பியோடு வந்தான். அவள் காட்டிய இடத்தைக் குனிந்து பார்த்தான். நேராகப் பார்க்கவில்லை, கோழி தானியத்தைப் பார்ப்பதுபோலத் தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்தான்.

"என்ன, நல்லாத்தானே இருக்கு?"

"தகடு ஆடுது."

"போல்ட்டோட மல்லுக்கட்டியிருப்ப. உனக்குத்தான் எதையும் மெதுவாத் தொடத் தெரியாதே."

"ரெண்டு விரல்லதான் திருகினேன். தொட்டுப் பாரு."

அவன் குப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினான். கட்டைவிரல் வரியின்மேல் மெல்ல ஊர்ந்தது. வரி முடியும் இடம்வரை போயிற்று. திரும்பி வந்தது. பிறகு பக்கவாட்டில் நகர்ந்து தகட்டின் விளிம்பைத் தேடிப் பிடித்தது. இரண்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் நின்றுவிட்டது. இங்கெலா தகட்டைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை அப்படி அவள் கண்டதே இல்லை.

"எவ்வளவு நாளா?"

"எது எவ்வளவு நாளா?"

"கண்ணு, அண்ணே."

"கண்ணுக்கு என்ன கேடு? ஹெல்மெட் கண்ணாடி அழுக்காயிடுச்சு. மாத்தணும்." எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டான். "நாளைக்குக் காலையில வழிச்சுட்டு மறுபடியும் போட்டுடறேன். நீ முன்பக்கத்தை ஒட்டிக்கிட்டு இரு. கார்ப்பெட் மேல வந்துட்டா யாருக்குத் தெரியப்போகுது? அம்பது வயசு தாண்டின வண்டிக்கு அரசாங்கச் சோதனைகூடக் கிடையாது."

"அதனாலதான் பயமா இருக்கு. நம்மளை விட்டா யாரும் பாக்கப்போறதில்ல."

"அதான் போட்டுத் தர்றேங்கிறேனே!"

இங்கெலா வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் தைக்கும்போது குறி போடும் சாக்கட்டி கையிலேயே இருந்தது. தரையில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுக் கேட்டாள். "இது எங்க இருக்கு? தடவாம, ஒரே தடவையில அதுமேல விரல் வை."

அவன் விரல் வைக்கவில்லை. முகம் காதுவரை சிவந்தது.

"நீ தங்கச்சியா, போலீஸா? உங்கிட்ட நான் பரீட்சை எழுதணுமா? பதினேழு வருஷம் என் இரும்புமேலதான் நீ துணி ஒட்டிப் பொழைச்ச."

மேல்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு மழையில் இறங்கி நடந்தான். ஜூன் மாதக் கோடைத் திருவிழாவுக்குப் பிறகு அவன் வண்டியே ஓட்டவில்லை. முட்டி வலி என்று சொல்லியிருந்தான். முட்டி வலிக்காரன் எட்டு வைத்து நடக்கிற நடையா அது என்று அவளுக்கு அன்றுதான் உறைத்தது. காப்பியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றியது, செய்தித்தாளைப் பிரிக்காமலே மடித்து வைத்தது, ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எல்லாம் கண்ணெதிரில் நடந்தவைதான். அவளும் பார்க்கவில்லை.

ஸ்டெல்லானுக்குப் போன் செய்தாள். சனிக்கிழமை வண்டி கிடைக்காது, மழையில் பசை காயமாட்டேன் என்கிறது என்றாள்.

"அதனால என்ன, மெதுவாப் பண்ணுங்க," என்றான் அவன். "இங்க யாரு எந்தப் பக்கம் உக்கார்றதுன்னு சண்டை போட்டு முடிச்சுட்டாங்க. இன்னொரு வாரம் கெடைச்சா மறுபடியும் ஆரம்பிப்பாங்க, அவ்வளவுதான்."

போனை வைத்தாள். சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றினாள். ஒரு கரண்டிகூட வாய்க்குள் போகவில்லை. கால்மணி கழித்து மறுபடியும் அவனைக் கூப்பிட்டாள்.

"பசையெல்லாம் பொய். பின்னால பெல்ட்டுக்குப் போட்ட வெல்டிங் பிடிக்கல. வேற ஆளை வெச்சு மறுபடியும் போடணும்."

"யாரு போட்டது?"

"எங்க கடை போட்டது."

அந்தப் பக்கத்தில் பெரிய பாத்திரங்கள் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"இதை நீங்க பாக்காம ஒட்டியிருந்தா?" என்று கேட்டான் ஸ்டெல்லான்.

 அந்தக் கேள்விதான் அவளை இன்னொரு பக்கம் திருப்பிவிட்டது. பார்க்காமல் ஒட்டியவை எத்தனை? வசந்த காலத்திலிருந்து ரோலண்ட் தரை வெல்டிங் செய்து கொடுத்த வண்டிகள் மூன்று. மூன்றுக்கும் அவள்தான் கார்ப்பெட் போட்டாள். பசை தடவி, உருளையால் அழுத்தி, மடிப்பில்லாமல் மூடி அனுப்பியவள் அவள்.

ஒரு வண்டி நார்வேக்குப் போயிருந்தது. போன் செய்தபோது அதன் சொந்தக்காரத் தம்பதி, குளிர்காலத்துக்கு வண்டியை மூடி வைத்துவிட்டதாகவும், தங்கள் ஊர் மெக்கானிக்கிடமே காட்டிக்கொள்வதாகவும் சொன்னார்கள். இரண்டாவது மரியெஸ்டாட்டில் இருந்தது. வெள்ளிக்கிழமை போய்க் கார்ப்பெட்டைக் கிளப்பிப் பார்த்தாள். ஏப்ரல் மாத வேலை, கச்சிதமாக இருந்தது. மூன்றாவது, எவெர்ட்டின் ஓப்பல். எவெர்ட் ரோலண்டுக்கு இருபது வருஷத்துப் பழக்கம். அந்த வண்டியில் தினமும் போய்வருகிறவர். போனில் அவள் சொல்லி முடிப்பதற்குள் கத்த ஆரம்பித்துவிட்டார்.

"உங்கண்ணனுக்கு வாயில்லையா? தங்கச்சிய விட்டுச் சொல்லச் சொல்றானா? அவனே வந்து எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் என் வண்டிமேல யாரும் கைவைக்கக் கூடாது!"

சனிக்கிழமை காலை ரோலண்டின் வீட்டுக்குப் போனாள். அழைப்புமணிக்கு அவன் கதவைத் திறக்கவில்லை. சமையலறை ஜன்னல் மட்டும் கையகலம் திறந்தது.

"என்ன?"

"எவெர்ட் வண்டியைப் பாக்கணும். நீ வந்தாத்தான் தொட விடுவாராம்."

"ஊரெல்லாம் தமுக்கடிச்சாச்சா?"

"மூணு பேர்கிட்ட சொன்னேன். ஸ்டெல்லானோட நாலு."

"என் பேரை அழிச்சுட்ட."

"கடை பேரைத்தான் சொன்னேன். எவெர்ட் தானாப் புரிஞ்சுக்கிட்டாரு. வேன்ல இருக்கேன்."

ஜன்னல் மூடியது. பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். இன்ஜினைக் கிளப்பப் போன நேரத்தில் வேனின் மறுபக்கக் கதவு திறந்தது. சவரம் செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போடும் நல்ல சட்டையில் வந்திருந்தான். தாடையில் ஓரிடம் விட்டுப்போயிருந்தது. 

எவெர்ட் முற்றத்தில் தயாராக நின்றார். இங்கெலா கத்தியை எடுத்து, ஜூலையில் தானே ஒட்டிய கார்ப்பெட்டின் ஓரத்தை நெம்பி இழுத்தாள். அவளுடைய ஒட்டு நன்றாகவே பிடித்திருந்தது; தோலை உரிப்பதுபோலச் சத்தம் போட்டுக்கொண்டுதான் வந்தது. தாரைச் சுரண்டி முடித்ததும் ரோலண்ட் மண்டியிட்டான். கட்டைவிரலால் ஓட்டுநர் பக்கம் தடவினான்.

"இது சரி."

மறுபக்கம் போனான். வெகுநேரம் தடவினான்.

"இது சரியில்ல. ரெண்டு சாண் நீளத்துக்குப் பிடிக்கவே இல்ல. என் வேலைதான் எவெர்ட். தப்பு என்னோடது. எனக்குக் கண்ணு தெரியல."

கத்தத் தயாராக இருந்த எவெர்ட் கத்தவில்லை. தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"ஏண்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா வண்டிய எங்கிட்ட விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அதான்."

 வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்வதாகச் சொன்னார் எவெர்ட். உள்ளே வந்து காப்பி குடியுங்கள் என்று சொல்லவில்லை. இருபது வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து காப்பி குடிக்காமல் ரோலண்ட் திரும்பியது அதுதான் முதல் தடவை.

திரும்பும்போது பாதி வழியில் அவனாகவே பேசினான்.

"நடுவுல ஒரு கறை. எங்க பாத்தாலும் அங்க போய் உக்காந்துக்குது. நேர்க்கோடு பாம்பு மாதிரி நெளியும். தகட்டு ஓரம் ரெண்டாத் தெரியும். எது நெசம்னு யோசிச்சு அதுமேல போடுவேன். பெரும்பாலும் சரியாத்தான் இருந்துச்சு."

பெரும்பாலும்! பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள் இங்கெலா. அந்தச் சொல்லுக்காக அவனை அங்கேயே இறக்கிவிட்டுப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது.

"என் மூஞ்சி தெரியுதா?" என்று கேட்டாள், கொஞ்ச தூரம் போனபின்.

"காது ரெண்டும் தெரியுது. நடுவுல புகை."

"நல்லதாப் போச்சு. காதுக்குத்தான் இன்னும் வயசாகல."

அவன் மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே வேறு எதுவோ ஆகிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். உழுது போட்ட வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"உன்னை மன்னிக்கவே மாட்டேன்னு நெனைச்சுக்காதே," என்றான் வீடு வந்ததும். "ஆனா இப்ப முடியாது."

"நான் மன்னிப்பு கேக்கலையே."

"தெரியும். அதான் கோவம்." கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனான்.

நவம்பரில் ஸ்காரா என்ற ஊரிலிருந்து வெல்டர் ஒருவன் வந்து ஸ்டெல்லானின் தகடுகளை எடுத்துப் புதிதாக வெல்டிங் செய்தான். இங்கெலா ஸ்பானருக்கு நீண்ட குழாயை மாட்டி, முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்த பிறகுதான் கார்ப்பெட்டை ஒட்டினாள். ஸ்டெல்லான் வந்து வண்டியை எடுத்துப்போனான். நன்றி சொன்னான். சிவப்புக் கதவுகளைத் தடவிப் பார்த்து அழகு என்றான். ஆனால் கிளம்புவதற்கு முன் பின் இருக்கையில் உட்கார்ந்து இரண்டு பெல்ட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துப் பார்த்தான். அவள் எதிரில்தான் இழுத்தான். 

திரைக்கு அந்தப் பக்கம் விளக்கு எரியாமல் ஐந்து வாரம் போயிற்று. ரேடியோவை எந்த நிலையத்தில் வைத்தாலும் கேட்க ஆளில்லை. அவளும் வைக்கவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் தேதி கிடைத்த செய்தியை அவன் போனில் வெறுப்போடு சொன்னான். திங்கட்கிழமை, ஒன்பதரை மணி. நான் கூட்டிப்போகிறேன் என்றாள். வேண்டாம், பஸ்ஸில் போய்க்கொள்கிறேன், நான் குழந்தையில்லை என்றான். சரி என்று விட்டுவிட்டாள். ஞாயிறு முழுக்க அவனைக் கூப்பிடாமல் இருக்கக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

திங்கள் காலை ஏழரைக்குப் போன் அடித்தது. பின்னால் காற்றும், கடந்துபோகும் லாரி இரைச்சலும் கேட்டன.

"மூணு பஸ் போயிடுச்சு," என்றான் ரோலண்ட். "நம்பர் தெரியல. டிரைவர்கிட்ட கேக்கலாம்னா நிறுத்தினாத்தானே கேக்க முடியும்."

"எங்க நிக்கிற?"

"தேவாலயத்துக்கு எதிர்ல. எதிர்லதான்னு நெனைக்கிறேன்."

"அங்கயே இரு. நகராதே," என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள் போடும் செருப்போடேயே வேனுக்கு ஓடினாள்.