நாற்பத்தொன்று

நனைத்த பஞ்சை நூகரத்னம் அப்பாவின் உதட்டில் வைத்தாள். பைடிராஜு அதைத் துப்பிவிட்டு மறுபடியும் சொன்னார்.

"நாப்பத்தொண்ணு."

மூன்று நாளாக இதே எண்தான். ஐந்து முறை பார்லிமெண்டுக்குப் போனவர், ஒரு தடவை மத்திய மந்திரி. உயிர் இருக்கும்போதே கட்சிக்காரர்கள் வாசலில் மாலையோடு காத்துக் கிடந்தார்கள், கொஞ்சமும் வெட்கமில்லாமல். அவள் தம்பி சத்திபாபு பீரோவையும் பழைய டைரிகளையும் கலைத்துப் போட்டு, ஏதாவது வார்டு நம்பராக இருக்குமோ என்று கேட்டான். தெரியாது என்றாள். அவளுக்குத் தெரியும்.

அம்மா சாவதற்கு முன் அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போன விஷயம் அது. இளவயதில் அப்பா ஆந்திராவில் பொப்பிலிப் பக்கம் ரயில்வே கேட்மேன். வண்டி வரும்முன் ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கூப்பிடுவார். கேட்டைச் சாத்திவிட்டு, சாத்தியதற்கு அத்தாட்சியாக, கொடுத்திருக்கும் தாளில் அடுத்ததாக இருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும். எண் வந்த பிறகுதான் சிக்னல் இறங்கி ரயிலுக்கு வழி விடும். அன்றைக்குக் குவார்ட்டர்ஸில் அம்மாவுக்குப் பிரசவ வலி. சாத்தாமலே நாற்பத்தொன்று என்று சொல்லிவிட்டு அப்பா ஓடினார். நூகரத்னம் பிறந்தாள். மாட்டுவண்டியில் வந்த புருஷனும் பெண்டாட்டியும் ரயிலில் அடிபட்டுச் செத்தார்கள். வண்டிக்காரனே கேட்டைத் திறந்துகொண்டு போனான் என்று யூனியன் ஆட்கள் சாட்சி சொன்னார்கள். காப்பாற்றிய யூனியனுக்காக ராப்பகலாக உழைத்தார், தலைவரானார், அங்கிருந்து டெல்லி.

அவளுடைய பிறந்தநாளுக்கு அவர் ஒருமுறைகூட ஊரில் இருந்ததில்லை. முகம் பார்த்துப் பேசியதும் குறைவு. நான் என்ன பாவம் செய்தேன் என்று தனக்குள் கேட்டுக்கொள்வாள்.

"நாப்பத்தொண்ணு." மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது.

தம்பியை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். அவர் காதருகே குனிந்தாள். நான்னா என்றே கூப்பிட்டுப் பழகிய அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு கூசியது.

"பைடிராஜு, ஸ்டேஷன்லேர்ந்து பேசறேன். கேட் சாத்தியாச்சா?"

கண் திறந்தது. 

"இல்ல," என்றார். அறுபது வருஷத்தில் முதல் தடவையாக அந்த உண்மை.

"அப்ப சாத்து. ரயில் வெளி சிக்னல்ல நிக்குது. அவசரமில்ல."

வலது கை போர்வைக்கு மேலே எழுந்து, கேட்டை இறக்கும் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தது. பாதியில் நின்றது. தலை சுவர்ப்பக்கம் திரும்பியது.

"மாட்டுவண்டி ஒண்ணு வருது."



"போகட்டும், விடு. தாண்டினப்புறம் சாத்து."

இருவரும் காத்திருந்தார்கள். அந்த மாடுகள் மெதுவாகத்தான் நடந்திருக்க வேண்டும். பிறகு கை மறுபடி சுற்றியது, கடைசிவரை.

"நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தொண்ணு. எழுதிக்கிட்டேன், நான்னா."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்தபடியே மூச்சு நின்றது.

கதவைத் திறந்ததும் மாலைகள் உள்ளே வந்தன. போட்டோவுக்காகக் கையைக் கும்பிட்ட மாதிரி சேர்த்து வைக்கச் சத்திபாபு முயன்றான். இடது கை வந்தது. வலது கையின் விரல்கள் எதையோ இறுகப் பிடித்தபடி மடங்கிக் கிடந்தன.

"விரல் பிரிய மாட்டேங்குதேக்கா."

"அப்படியே இருக்கட்டும்டா," என்று அதன்மேல் போர்வையை இழுத்துவிட்டாள்.