ஆறாவது கோடு

பிறேமா தரைப்பலகையைத் தூக்கிச் சுவரோடு சாத்திவிட்டு முழங்காலில் இருந்தாள். நேற்று மாலை துணியால் ஒற்றி ஒற்றி உலர்த்திய பள்ளத்தில் மறுபடியும் தண்ணீர். பலகைக்கும் படகின் இரும்பு அடித்தகட்டுக்கும் நடுவிலிருந்த அந்தப் பள்ளத்தில் கையை விட்டாள். மணிக்கட்டு நனைந்தது. பென்சிலை எடுத்து, வெள்ளைப் பெயின்ற் அடித்த இரும்புச் சட்டத்தில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு கீறித் திகதி எழுதினாள். ஐந்தாவது கோடு. முதற்கோடு இதற்கு நாலு விரல் கீழே இருந்தது.

ஜேர்மனியில் எசன் நகரப் பக்கத்துக் கால்வாயில் நிலக்கரி சுமந்து திரிந்த கிழட்டுப் படகு அது. ஒரே குளிர்காலத்துக்குள் உல்லாசப் பயணத்துக்கென்று அதற்குப் பத்து அறைகளும் பித்தளைக் கைப்பிடிகளும் சிவப்புக் கம்பளமும் வந்துவிட்டன. வெள்ளிக்கிழமை முதற்பயணம். பத்து அறைக்கும் ஆட்கள் பதிந்தாயிற்று, கூடுதலானோர் வயசான சோடிகள். மேலே எல்லாம் கலியாணப் பெண் மாதிரி மினுங்கியது.

இரும்பு ஒட்டுவேலை செய்யும் அந்தோனிப்பிள்ளை, தை மாதமே அடித்தகட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, வெட்டி மாற்றவேண்டும் என்று முதலாளி கிறூகரிடம் சொன்னவர். இலையுதிர் காலத்தில் பார்ப்போம் என்று சொல்லி, கிறூகர் அதன்மேல் இரண்டு தரம் கறுப்புப் பெயின்ற் அடிப்பித்தார். இன்று படகை ஓடவிடலாமா என்று அதிகாரி சோதிக்கும் நாள். இன்று பார்த்து அந்தோனிப்பிள்ளைக்கு வேறொரு பட்டறையில் வேலை. ஆயுதப்பெட்டியை எடுக்க வந்தவர் அவளருகில் குந்தினார்.

"தகடு அப்பளம் மாதிரி, பிள்ளை. நிண்டா வாய் திறப்பன் எண்டுதான் என்னை அனுப்புறான். பத்து மணிக்குச் சோதிக்கிறவர் வருவார். நீ ஒண்டும் கதைக்க வேண்டாம். உந்தக் கோடுகளைக் காட்டு, காணும்."

"படகு நிண்டா என்ரை வேலையும் நிண்டிடும், அண்ணை. வியாழக்கிழமை விசா நீட்டத் தெர்மின், வரச்சொல்லி நேரம் தந்திருக்கினம்."

இந்தப் பருவத்துக்கான வேலை ஒப்பந்தத்தைச் சோதனை முடிந்த பிறகு தருவதாகக் கிறூகர் சொல்லியிருந்தார். அந்தக் கடதாசி இல்லாமல் விசாக் கந்தோருக்குப் போவதும் ஒன்று, போகாமல் விடுவதும் ஒன்று.

"படகு ஓடினா நீ எங்கை படுக்கப்போறாய் எண்டு யோசிச்சனியோ?" என்று கேட்டுவிட்டு அவர் ஏணியில் ஏறிப் போனார்.

அவள் யோசிக்காமலில்லை. வேலையாளுக்கான கட்டில் இந்தப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே, ஏணிக்கடியில், சன்னல் இல்லாத மூலையில் இருந்தது. வருவது வரட்டும், காட்டியே தீருவது என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டாள்.

எட்டு மணிக்குக் கிறூகர் எட்டிப் பார்த்து, பள்ளம் சாப்பாட்டுக் கோப்பை போலச் சுத்தமாக இருக்கவேண்டும் என்று சொல்லிப் போனார். அவள் தண்ணீரை இறைத்தாள், துணியால் ஒற்றினாள், வினாகிரி விட்டுத் தேய்த்தாள், சூடான காற்றுப் பிடித்தாள். ஒன்பது வருசமாக மற்றவர்களின் கறையைத் தேடித் தேடித் துடைத்த கை அது. வேலை சூடுபிடித்தால் தலையைக் கேட்டு நிற்காது.

சோதிக்க வந்தவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். முழங்கால் நோவோடு குனிந்து, மூலை முடுக்கெல்லாம் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு அவளிடமே நேரடியாக, இங்கே தண்ணீர் வருகிறதா என்று கேட்டார்.

பிறேமா விரலை நீட்டினாள். நீட்டிய இடத்தில் வெள்ளைப் பெயின்றைத் தவிர ஒன்றுமில்லை. ஒரு கோடும் இல்லை, ஒரு திகதியும் இல்லை. வினாகிரி மட்டும் மணத்தது. எப்போது துடைத்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

எவ்வளவு துப்புரவு என்று காட்டுகிறாள் பாருங்கள் என்று கிறூகர் சிரித்தார். வந்தவரும் தலையாட்டினார். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்; சொல் நுனிநாக்குவரை வந்தது. வியாழக்கிழமையை நினைத்து, நீட்டிய விரலை மடக்கினாள். தன்னை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. கிறூகர் ஒரு படிவத்தை நீட்டி, துப்புரவு செய்தவர்தான் கையெழுத்து வைக்கவேண்டும் என்றார். வைத்தாள். பின்னேரமே ஒப்பந்தம் கைக்கு வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு நாளும் மேல் அறைகளில் கட்டில் விரிக்கும் வேலையும் விசாக் கந்தோரும் அவளைப் பிடித்துக்கொண்டன. விசாவை நீட்டித் தந்தார்கள். வெள்ளிக்கிழமை, மேலே பயணிகளுக்கு வாத்தியம் வாசிக்கையில், தன் பையோடு கீழே இறங்கினாள். புதிதாகப் பூட்டிய பம்பு ஒன்று கட்டிலுக்கடியில் இரைந்துகொண்டிருந்தது. ஏணிப்பக்கச் சுவரில், பிளாஸ்ரிக் உறைக்குள் அவள் கையெழுத்திட்ட படிவம் தொங்கியது. படகின் அடி: உலர்ந்தது. பொறுப்பு: பிறேமா. வேறெவருடைய பெயரும் அதில் இல்லை.

எஞ்சின் உதறித் தொடங்கியது. பலகையைத் தூக்கிக் கையை விட்டாள். பம்பு ஓடியும் முழங்கை நனைந்தது. பென்சிலை எடுத்து, தண்ணீர் நின்ற இடத்தில் ஒரு கோடு கீறினாள். ஆறாவது கோடு. மற்ற ஐந்தும் இல்லாதபடியால், பார்க்கிறவர்களுக்கு அது முதற்கோடு.